ஹெட்போனுக்குள் நான் தப்பாகப் பாடிய நாள்

ஃபேனை நிறுத்தியாச்சா? சரி, உட்காருங்கள். வேர்க்கும். வேர்க்கட்டும். வீட்டுக்குள் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்களுக்கு முதல் செலவு வேர்வை, மைக் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இருபத்தைந்து வருஷம் இந்த வேலை பார்த்தேன். பத்து வருஷம் அடுத்தவர் ஸ்டுடியோவில் வயர் சுற்றினேன். பதினைந்து வருஷம் கிழக்குத் தாம்பரத்தில், ரயில் லைனுக்கு இரண்டு தெரு தள்ளி, என் வீட்டுப் பின்னறையிலேயே கடை விரித்தேன். போன வருஷம் வலது காதில் ஒரு கீச்சுச் சத்தம் வந்து வாடகையில்லாமல் குடியேறிவிட்டது. டாக்டர் போதும் என்றார். ஐம்பத்திரண்டு வயதில் ரிட்டயர்டு. ஆனால் வாய் ரிட்டயர்டு ஆகவில்லை. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

"அண்ணா, எந்த மைக் வாங்கலாம்?" "அண்ணா, சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?" வாட்ஸப்பில் தினமும் இதே கேள்விகள். முட்டை அட்டையை முட்டைக்கே விட்டுவிடுங்கள். பீரோவைத் திறந்து, பாடுகிறவரை அதற்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். தொங்குகிற புடவையும் சட்டையும் எதிரொலியைச் சாப்பிட்டுவிடும். ரயில் போகிற நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குரலையும் வாத்தியத்தையும் கலக்கிற மிக்ஸ் முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் ஏறி, பல்லாவரம் வரை அந்த இரைச்சலில் போனில் கேளுங்கள். வார்த்தை புரிந்தால் மிக்ஸ் பாஸ். இதையெல்லாம் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கற்க இருபத்துச் சொச்சம் வருஷம் ஆனது. கற்றுக்கொண்டது ஒரே நாளில். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது!

ஒரு மே மாதம். வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸும் தண்ணி பாட்டிலுமாக வாசலில் வந்து நின்றவர் ஸ்டெல்லா. பல்லாவரத்தில் தோல் கையுறை தைக்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. ஒவ்வொரு விரலையும் உள்ளே விட்டு, தையல் பிரிகிறதா என்று பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் பாட்டு. இரண்டாவது வரிசை, இடது ஓரம். இருபது வருஷமாக அதே ஓரம்.

அதற்கு முந்தைய வாரம் அந்த சர்ச்சில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தோழனாக வந்த ஒரு பையன், ஒரு இசையமைப்பாளரிடம் உதவியாளர். கொயர் பாடியதைப் போனில் பிடித்துக்கொண்டு போய் தன் சாரிடம் போட்டுக் காட்டியிருக்கிறான். பாட்டு முழுக்க எல்லாரும் ஒன்றாகத்தான் பாடுகிறார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு குரல் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழும்பி, இரண்டு வரி நின்று, மறுபடி அடங்கிப்போகிறது. "யார் அது?" என்று கேட்டிருக்கிறார் அவர். விசாரித்து விசாரித்து ஸ்டெல்லாவைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மெட்டையும் நாலு வரியையும் அனுப்பி, "உங்க குரல் மட்டும் தனியா வேணும். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு சார் உட்கார்ந்து, வந்திருக்கிற குரலெல்லாம் கேட்டு முடிவு பண்ணிடுவார். நாலுக்கு மேல வந்தா வேஸ்ட்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு குரல் ஏன் அந்த ஒரே இடத்தில் எழும்பியது? இந்தக் கேள்வியை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மைக்குக்கு வயர் மாட்டுகிற மும்முரத்தில் இருந்தேன். ஞாபகம் வையுங்கள், நம் தொழிலில் பாதித் தப்பு வயர் மாட்டுகிற மும்முரத்தில்தான் நடக்கிறது.

"சார், கம்பெனில ஷிப்மென்ட் டைம். ஒரு நாள் லீவுக்கே மொறைச்சிகினு குட்த்தாங்க. இன்னிக்கு வுட்டா அவ்ளோதான்" என்றார் ஸ்டெல்லா. அப்புறம் பீரோவைப் பார்த்து, மைக்கைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னார். "சினிமால வருதோ இல்லியோ, அது வேற சார். இருவது வருசமா பாடறேன். என் கொரலு எப்டி கீதுன்னு எனக்கே தெரியாது. கூட்டத்துல கலந்து பூடும். ஒரு தபா தனியா கேட்டுடணும் சார். அதுக்குத்தான் வந்தேன்."

எனக்கு அப்படியே ஜிவ்வென்று ஏறியது. இன்றைக்கு இந்த அம்மாவின் குரலை இவருக்கே காட்டிவிடுகிறேன் பார் என்று!

பாட்டு, கடலோரத்தில் ஒரு தாய் பாடுகிற தாலாட்டு. 'கொஞ்சம் அடங்கு கடலே, எம்மக கண்ணு மூடட்டும்' என்று தொடங்கும். ஸ்டெல்லா முன்கூட்டியே வாட்ஸப்பில் அனுப்பிய மெட்டுக்கு, முந்தின நாளே நான் கீபோர்டில் அழகாக ஒரு பின்னணி வாசித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு சுரமும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. ஹெட்போனை மாட்டிவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, ரெக்கார்டு போட்டேன்.

ஸ்டெல்லா பாடினார். சுதி கச்சிதம், தாளம் கச்சிதம், குரல் மட்டும் இல்லை. இருந்தது, கீபோர்டுக்குள் சர்க்கரை கரைகிற மாதிரி கரைந்துபோய். சத்தத்தைக் காட்டுகிற மீட்டரில் கோடு தரையிலிருந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

"சார், என் சத்தம் காதுல ரொம்ப கேக்குது. கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார்."

கூச்சம் என்று நினைத்தேன். கேட்டுப் பழகட்டும் என்று, கம்மி பண்ணாமல் கூட்டினேன். இன்னும் மெதுவாகப் பாடினார். எதிரொலியைச் சேர்த்து மினுக்கிக் கொடுத்தேன். ஊமை மாதிரி பாடினார். "கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார்." சரி என்று கம்மி பண்ணினேன். இப்போது கீபோர்டு மேலே வந்தது, அதன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். மைக்கை நெருக்கினேன். மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. "ஃபீல் பண்ணிப் பாடுங்க" என்றேன். இந்த வாக்கியத்தை வாழ்க்கையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஃபீல் பண்ணாமல் யாரும் லீவு போட்டுக்கொண்டு தாம்பரம் வருவதில்லை.

நான் முதலில் வேலை பார்த்த ஸ்டுடியோவில் ஒரு என்ஜினியர் இருந்தார். அவருக்கு என் பெயர் ஞாபகம் இருக்காது, "டேய் வயரு" என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் கத்தினார். "டேய் வயரு, பாடறவங்க வாயையே ஏன்டா பாத்துட்டு இருக்க? அவங்க காதுல நீ என்னத்தை ஊத்தறேன்னு பாருடா!" தலையாட்டினேன். ஹெட்போன் வால்யூமைத்தான் சொல்கிறார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாடுகிறவருக்குத் தன் குரல் காதில் பெரிதாகக் கேட்டால் வாய் சின்னதாகும், சின்னதாகக் கேட்டால் வாய் பெரிதாகும். அது உண்மைதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் அதற்கு மேலும் இருந்தது. அது தெரிய மத்தியானம் ஒன்றரை மணி ஆகவேண்டியிருந்தது.

பதினாலு டேக். மணி ஒன்றரை. புடவைத் தலைப்பால் ஸ்டெல்லா கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்ததா, வேர்வையா, தெரியவில்லை. "என்கிட்ட ஒண்ணும் இல்ல சார். அந்த ஆளு வேற யாரு கொரலையோ கேட்டுட்டு என்னிய சொல்லிட்டான். உங்க டைமும் வேஸ்ட்டு" என்றார்.

"சாப்ட்டுட்டுப் பார்க்கலாம்மா" என்று கதவைத் திறந்தேன். ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டேன். சோர்வில்தான். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சமையலறையில் என் மனைவி வசந்தி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர், மே மாத லீவு. காலையிலிருந்து அந்த நாலு வரியைக் கதவுக்கு வெளியே கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடி, உலகத்தில் கவலையே இல்லாமல், சுதிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாமல் பாடினாள்: "எம்மக கண்ணு மூ... டட்டும்..."

பின்னறையில், நாற்காலியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்துகொண்டிருந்த ஸ்டெல்லா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அதே வரியை எடுத்துப் பாடினார்.

ஐயோ! எப்படிச் சொல்வேன் உங்களுக்கு! அறையில் இருந்த காற்று இடம் மாறியது. வெண்கலத்தை வெயிலில் வைத்த மாதிரி ஒரு குரல். மீட்டர் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் பாய்ந்தது. வசந்தியின் குரலை அப்படியே கையைப் பிடித்துத் தூக்கிப் படியேற்றி, சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த நொடி ஸ்டெல்லா தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்று கத்தினேன்.

"இன்னா சார் பண்ணேன்?" பயந்துபோனார். "ஊறுகா எதுனா கீழ சிந்திட்டனா?"

"பாடினீங்களே!"

"நானா? எப்போ?"

அவருக்கே தெரியவில்லை! பதிவானதும் அந்த ஒரே ஒரு வரிதான், அதை மட்டும் அனுப்ப முடியாது. நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "கொயர்ல உங்க வேலை என்னம்மா? சரியாச் சொல்லுங்க."

"என் வேலை இன்னா சார், கூட பாடறதுதான். பின்னாடி வரிசைல ஆம்பளைங்க கீறாங்க இல்ல, பாதிப் பாட்டுல சுதிய கீழ எறக்கிடுவாங்க. மாஸ்டரு என்னைத்தான் பாப்பாரு. நான் கொஞ்சம் சத்தமா எடுத்து அவங்கள மேல இஸ்துகினு வந்து வுட்டுட்டு, அப்பறம் அடங்கிடுவேன். சரியா பாடிகினு இருந்தாங்கன்னா நான் எதுக்கு சார் கத்தணும்? அது மருவாதியா இருக்காது."

கல்யாண வீடியோவில் எழும்பி அடங்கிய இரண்டு வரி! பின்வரிசை ஆண்கள் சுதி விட்ட இடம் அது. காலையிலிருந்து நான் அந்த அம்மாவின் காதில் ஊற்றிக்கொண்டிருந்தது, ஒரு பிசகும் இல்லாத கீபோர்டு. இஸ்திரி போட்ட சட்டை. அங்கே ஸ்டெல்லாவுக்குச் செய்ய வேலையே இல்லை! சரியாகப் போய்க்கொண்டிருக்கிற இடத்தில் அடங்கி நிற்பதுதான் இருபது வருஷப் பழக்கம். டேய் வயரு, இதைத்தானடா அவர் சொன்னார்!

மணி இரண்டே கால். சமையலறைக்கு ஓடினேன்.

"வசந்தி, ஒரு உதவி. ஹால்ல ஒரு மைக் வைக்கறேன். அதுல நீ பாடணும். ஸ்டெல்லாவோட காதுல அது போகும்."

முகம் மலர்ந்தது. "நானா? நிஜமாவா?"

"ஆமா. இப்ப பாடின மாதிரியே. அதே மாதிரி தப்பா."

கரண்டி நின்றது. "தப்பாவா?"

"தப்புன்னா... அதாவது, சுதி கொஞ்சம்..."

"இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல பாடிட்டு இருக்கேன். ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா நீங்க? அடடா, நல்லா இருக்குன்னு தலையாட்டிட்டு, மனசுக்குள்ள இவ்வளவு வச்சிருந்தீங்களா? சவுண்ட் என்ஜினியராம்! நான் பாடமாட்டேன், போங்க."

அதற்கப்புறம் உள்ளேயிருந்து வந்த பாத்திரச் சத்தத்துக்கு எந்த மீட்டரும் தாங்காது.

"அக்காவ ஏன் சார் பேஜார் பண்றீங்க? பாவம்" என்றார் ஸ்டெல்லா.

வேறு வழி? நான்தான்.

ஹாலில் இன்னொரு மைக்கை நட்டேன். கீபோர்டை எடுத்துவிட்டு, பின்னணியில் ஒரே ஒரு சுருதியை மெல்லிசாக விட்டேன். நடுக்கதவைச் சாத்தி, இடுக்கில் பாயைச் சுருட்டி வைத்தேன். "ஆரம்பிக்கலாம்மா" என்று, கொஞ்சம் கீழே, கொஞ்சம் கோணலாக, நன்றாகத் திட்டம் போட்டுத் தப்பாகப் பாடினேன்.

உள்ளேயிருந்து சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. "சார், நீங்க வேணும்னே பண்றீங்க! தெரிது சார்!"

மறுபடி பாடினேன். மறுபடி சிரிப்பு. இருபது வருஷமாகச் சுதி விட்டவர்களைத் தூக்கிவிட்டுப் பழகிய காது அது. நிஜமாக விழுகிறவன் யார், நடிக்கிறவன் யார் என்று அதற்குத் தெரியாதா?

மணி இரண்டு ஐம்பது. டப்பென்று கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, கூடவே அதன் உர்ர்ர் சத்தமும் மைக் வழியாக உள்ளே வந்தது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். நான் இன்வெர்ட்டரையும் அணைத்தேன். லேப்டாப்பில் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. மைக்குகள் மாட்டியிருந்த சின்னப் பெட்டி லேப்டாப்பிலிருந்தே உயிர் வாங்கிக்கொள்ளும். ஃபேன் எப்படியும் இல்லை. நஷ்டம் என்ன?

அப்புறம் கேட்டேன் பாருங்கள், அந்த அமைதியை! பக்கத்து வீட்டு மோட்டார் இல்லை. எதிர்வீட்டு ஏசி இல்லை. எங்கள் ஃபிரிட்ஜ் இல்லை. பதினைந்து வருஷத்தில் அந்தத் தெரு அப்படி வாயை மூடி நான் கேட்டதில்லை. மே மாத வெயில் மட்டும் மாடியில் நின்றுகொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி ஒரு ரயில் இப்போதுதான் போனது. அடுத்தது வர ஐந்து நிமிஷம், மிஞ்சினால் ஆறு. கரண்ட் எப்போது வேண்டுமானாலும் திரும்பும், கூடவே எல்லா மோட்டாரும். இந்த ஐந்து நிமிஷம்தான் எங்களுக்குத் திறந்த ஜன்னல். இது மூடினால் ஸ்டெல்லா மறுபடி இரண்டாவது வரிசைக்குப் போய்விடுவார்.

ரெக்கார்டு போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினேன். மைக் முன்னால் நின்றேன்.

உங்களிடம் சொன்னால் என்ன. இருபத்துச் சொச்சம் வருஷம் எத்தனையோ பேரைப் பாடச் சொல்லியிருக்கிறேன். "மூச்சைப் பிடிங்க, இன்னொரு டேக், இன்னும் கொஞ்சம் மேலே" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறைகூட, ஒருவர் முன்னால்கூட, நான் நிஜமாகப் பாடியதில்லை. எனக்கு வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, நடிக்காமல், திட்டம் போடாமல், என்னால் முடிந்தவரை நன்றாகப் பாடிவிட வேண்டும் என்று மனசார முயற்சி பண்ணிப் பாடினேன்.

தானாகத் தப்பானது! அழகாக, இயற்கையாக, ஆழமாகத் தப்பானது! 'கொஞ்சம் அடங்கு கடலே' என்று தொடங்கியவன் 'கடலே' வருவதற்குள் கரையேற முடியாத இடத்துக்குப் போய்விட்டேன். சட்டைக்குள் வேர்வை ஓடியது. அவமானமாக இருந்தது. நிறுத்தவில்லை.

உள்ளே ஸ்டெல்லாவின் குரல் எழும்பியது.

கதவுக்கு இந்தப் பக்கம், பாயையும் தாண்டி, எனக்குக் கேட்டது. அந்தக் குரல் வந்து என் தோளைப் பிடித்தது. நான் கீழே போகப் போக அது மேலே நின்று இழுத்தது. இரண்டாவது வரியில் இன்னும் விழுந்தேன், அது இன்னும் ஓங்கி நின்றது. கடலைப் பார்த்து அடங்கு என்று சொல்கிற தாய்க்கு வேண்டிய குரல் அதுதானே! கெஞ்சல் ஒரு பிடி, அதட்டல் ஒரு பிடி. நாலாவது வரி முடியும்போது, கேட்டால் நம்பமாட்டீர்கள், என்னையும் சுதியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவர் குரல் மெதுவாக இறங்கி அடங்கியது.

மூன்று எண்ணினேன். தூரத்தில் ரயில் ஹாரன் அடித்தது. அறைக்குள் ஓடி நிறுத்தினேன். அடுத்த நிமிஷம் கரண்ட் வந்து, தெரு முழுக்க மோட்டார்கள் கோரஸ் பாடின.

மணி மூன்று.

எடுத்தாயிற்று, ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். கேட்டால், இரண்டு வரிக்கு நடுவே ஸ்டெல்லா மூச்சு வாங்குகிற இடங்களில், பின்னால் ஒரு ஆவி. நான்தான்! ஹெட்போனிலிருந்து கசிந்த என் குரல், அவர் மைக்கில் விழுந்து, எங்கோ மாடிப்படியில் ஒருவன் அழுகிற மாதிரி மெல்லிசாகக் கேட்கிறது.

அந்த இடங்களை வெட்டிச் சுத்தம் பண்ணலாம். பண்ணினேன். ஆவி போனது, கூடவே ஸ்டெல்லாவின் மூச்சும் போனது. அந்த மூச்சில்தான் அவர் என்னைத் தூக்கத் தயாராகிற சத்தம் இருந்தது. அதை எடுத்ததும் குரல் வெறுமனே வந்து வந்து நின்றது, பெட்டியிலிருந்து எடுத்து வைத்த மாதிரி. திரும்பப் போட்டேன். வெட்டினேன். திரும்பப் போட்டேன். மணி மூன்று முப்பத்தைந்து.

வசந்தியிடம் போனை நீட்டினேன். கோபம் ஆறவில்லை, ஆனாலும் கேட்டாள். முதலில் வெட்டியது, அப்புறம் வெட்டாதது. தக்காளியை நறுக்குவதை நிறுத்திவிட்டு இரண்டாவதை இன்னொரு தடவை கேட்டாள்.

"இதுதான். இதுல அந்தம்மா யாரையோ காப்பாத்தறாங்க." அப்புறம் காதைத் தீட்டினாள். "பின்னாடி யாரு அது? சுதியே இல்லாம?"

"நான்தான்."

எவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்! "அப்படியா? வச்சுக்கோங்க. எடுத்துடாதீங்க. எடுக்கவே எடுக்காதீங்க!"

எதையும் எடுக்கவில்லை. மேலே எதையும் பூசவும் இல்லை. குரலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, சுருதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மூன்று ஐம்பதுக்கு அனுப்பினேன். ஸ்டெல்லா கேட்கவில்லை. "இப்ப வேணாம் சார். கேட்டுட்டு, நல்லா இல்லன்னு தோணிச்சின்னா அனுப்பாதீங்கன்னு சொல்லிடுவேன். அனுப்பிட்டீங்க இல்ல? நான் கெளம்பறேன். ஷிப்டு முடியறதுக்குள்ள தலைய காட்டினா அரை நாள் சம்பளமாவது வரும்" என்று ஓடிவிட்டார். தனியாக ஒருமுறை தன் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று வந்தவர்.

மறுநாள் அந்த உதவியாளரிடமிருந்து போன். "சார், குரல் ஓகே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெக்கார்டிங். அப்பறம் சார்... இடைல ஒரு ஆளு சத்தம் வருதே, அவரை மட்டும் கூட்டிட்டு வரவேணாம்னு சார் சொல்லச் சொன்னார்."

சரி என்றேன். ஆனாலும் துணைக்குப் போனேன். மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஸ்டெல்லா பைபிளைப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பூசைக்குப் பாடிவிட்டு நேராக வந்திருந்தார்.

பெரிய ஸ்டுடியோ. தடித்த கண்ணாடி, குளிர். என்னை வெளி சோபாவில் உட்கார வைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் ஆனது. அந்தப் பையன் வெளியே வந்தான், முகம் இருண்டிருந்தது. "சார், குரலே வரலை. உள்ள வாங்க. அந்தம்மா உங்களைக் கேக்கறாங்க."

உள்ளே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவ்வளவு பெரிய அறையில் ஸ்டெல்லா சின்னதாக நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கர் வழியாக அவர் குரல் வந்தது. "சார், இவங்க காதுல குட்த்த மியூசிக்கு ரொம்ப நல்லா கீது. அதான் பேஜாரா கீது. நம்ம சார பாடச் சொல்லுங்க. அவரு பாடினாத்தான் எனக்கு வரும்."

இசையமைப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவர் பாடகரா?"

"ஐயோ இல்ல சார். சுத்தமா வராது" என்றார் ஸ்டெல்லா, அவ்வளவு பாசத்தோடு.

ஆறு பேர் இருந்தார்கள் அந்த அறையில். எல்லாருக்கும் என்னைவிட நல்ல காது. ஒரு மைக்கை என் பக்கம் திருப்பினார்கள். நீங்களாக இருந்தால் என்ன பண்ணியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் காது மடல் இரண்டும் கொதித்தது. கண்ணை மூடினேன். என்னால் முடிந்தவரை நன்றாகப் பாடினேன்.

முதல் வரியில் யாரோ குனிந்து சிரித்தார்கள். இரண்டாவது வரியில் ஸ்டெல்லா வந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் இசையமைப்பாளர் மேஜையில் தட்டி, "அந்தம்மாவை உள்ள கூப்பிடு. இவரை ம்யூட் பண்ணிட்டுப் போடு" என்றார். என் குரலை ஒரு பட்டனில் அணைத்தார்கள். இத்தனை வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது.

ஸ்டெல்லா வந்தார். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. அவர் உட்காரவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் பின்னால் போய், இடது ஓரத்தில் நின்றுகொண்டார்.

பாட்டு வந்தது. பின்னணி இல்லை, நான் இல்லை, கொயர் இல்லை. அந்தக் குரல் மட்டும்.

திரும்பிப் பார்த்தேன். தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கையுறை செக் பண்ணுகிற மாதிரி, எங்கே பிரிகிறது என்று பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கேயும் பிரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பலகையில் இருந்த என்ஜினியர் நல்ல மனுஷன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, கூச்சப்படுகிறார் போல என்று, சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார்.

"கம்மி பண்ணாதீங்க சார்" என்றார் ஸ்டெல்லா. "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க."